உஷார்! டிராயிங்கில் பிரிந்த கட்டடம், மாடலில் ஒட்டிக் கிடக்கிறது

எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் உள்ள கட்டடம் எதையாவது ஈடேப்ஸிலோ ஸ்டாடிலோ இப்போது போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? டிராயிங்கை சைட்டுக்கு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் போனை எடுத்து, ஃபுட்டிங் கான்கிரீட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். மாடலைத் திறந்து ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: டிராயிங்கில் இரண்டாகப் பிரிந்திருக்கும் உங்கள் கட்டடம், மென்பொருளின் கணக்கிலும் பிரிந்திருக்கிறதா?

“அதான் திரையிலேயே கேப் தெரிகிறதே” என்று சொல்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திரையில் தெரியும் இடைவெளி வெறும் படம். கணக்குப் போடும் இயந்திரம் அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை. எந்த முனை எந்த முனையோடு சேர்ந்து நகர வேண்டும் என்று நீங்கள் கொடுத்த கட்டளையை மட்டும்தான் அது பார்க்கிறது. அந்தக் கட்டளையில் இரண்டு பிளாக்கையும் நீங்களே அறியாமல் கட்டிப்போட்டிருந்தால், நடுவே ஐந்து அடி இடைவெளி விட்டாலும் அது ஒரே கட்டடம்தான்.

எதற்காகப் பிரிக்கிறோம் என்பது தெரிந்ததுதான். ஐ.எஸ். 456 சொல்வது: 45 மீட்டருக்கு மேல் நீளும் கட்டடத்துக்குப் பொதுவாக ஒன்றோ அதற்கு மேலோ எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் கொடுத்து வடிவமைக்க வேண்டும். வெயிலில் கான்கிரீட் நீளும், இரவில் சுருங்கும், உலரும்போதும் சுருங்கும். அதனால் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, மாணவர் விடுதி என நீளமான கட்டடம் எதுவானாலும் நடுவில் இரட்டைப் பில்லர் நிறுத்தி, இடையில் ஒரு பிளவு விடுகிறோம். எல், டி வடிவக் கட்டடங்களில் நிலநடுக்கத்தின்போது மூலையில் முறுக்கம் வராமலிருக்கவும் இதே மாதிரி வெட்டி, தனித்தனிச் செவ்வகங்களாக ஆக்குகிறோம். இதுவரை எல்லாம் சரிதான். கோளாறு ஆரம்பிப்பது அதற்கடுத்த படியில், மாடல் போடும் இடத்தில்.

டயாஃப்ரம் என்ற கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தளத்தின் ஸ்லாப் தன் சமதளத்தில் வளையாது, ஒரே பலகை போல நகரும் என்று மென்பொருளுக்குச் சொல்வது அது. ஈடேப்ஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்ன? எல்லாத் தளத்தையும் தேர்ந்தெடு, டி1 என்று கொடு, முடிந்தது. ஒரே பெயரை எல்லா மாடிக்கும் கொடுக்கலாமா என்று கேட்டால், கொடுக்கலாம், மென்பொருளே மாடிவாரியாகப் பிரித்துக்கொள்ளும் என்பார்கள். உண்மைதான், மேலும் கீழுமாக அது பிரித்துக்கொள்ளும். பக்கவாட்டில் பிரிக்காது! ஒரே மாடியில் டி1 என்று பெயர் வாங்கிய முனைகள் எல்லாம், இந்த பிளாக்கோ அந்த பிளாக்கோ, ஒரே விறைத்த பலகையாகிவிடும். மாடிகளுக்குச் சரியாக இருக்கும் பழக்கம் பிளாக்குகளுக்கும் சரி என்று நினைத்துத்தான் பலரும் இதில் விழுகிறார்கள். பிளாக் ஒன்றுக்கு டி1, பிளாக் இரண்டுக்கு டி2 என்று கொடுத்தே ஆக வேண்டும்.

ஸ்டாடிலும் இதே பள்ளம் உண்டு. டயாஃப்ரம் கட்டளையில் உயரத்தை மட்டும் எழுதி, முனைப் பட்டியலையோ எல்லையையோ எழுதாமல் விட்டால், அந்த உயரத்தில் இருக்கும் முனைகளை எல்லாம் அது வாரி எடுத்துக்கொள்ளும். ஒரு வரிதான். பிழைச் செய்தி வராது, எச்சரிக்கையும் வராது. கணக்கு ஓடும், ரிப்போர்ட் அழகாக அச்சாகும்.

இதனால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு, சரிபார்ப்புக்காக என் முன்னால் வந்த ஒரு விடுதிக் கட்டடத்தைச் சொல்கிறேன். இரண்டு பிளாக். லிஃப்ட்டும் அதைச் சுற்றிய கான்கிரீட் சுவரும் ஒரு பிளாக்கில் மட்டும். அடுத்த பிளாக்கில் வெறும் பில்லரும் பீமும்தான். மாடல் போட்ட இளைஞர் நல்ல வேலைக்காரர், கவனமானவர்.

“ரெண்டு பிளாக்கும் தனித்தனியாத்தான் சார் போட்டிருக்கேன். பாருங்க, நடுவுல அம்பது எம்.எம். கேப் இருக்கு.”

“சரிப்பா. புதுசா ஒரு லோடு கேஸ் போடு. லிஃப்ட் இல்லாத பிளாக்கோட மொட்டை மாடியில மட்டும் நூறு கிலோ நியூட்டன் பக்கவாட்டுல தள்ளு. வேற எதுவும் வேண்டாம்.”

தள்ளினார், ஓட்டினார். அஸ்திவார எதிர்விசைகளை பிளாக் வாரியாகக் கூட்டச் சொன்னேன். தள்ளியது ஒரு பிளாக்கை. விசையின் பெரும்பகுதி போய் இறங்கியிருந்ததோ அடுத்த பிளாக்கின் லிஃப்ட் சுவருக்கு அடியில். அவர் முகம் மாறிவிட்டது. டயாஃப்ரத்தைப் பிரித்து மறுபடி ஓட்டியபோது, லிஃப்ட் இல்லாத பிளாக்கில் கீழ்த்தளப் பில்லர்கள் வரிசையாகச் சிவப்பில் வந்தன. மாடிப் பெயர்ச்சி, தள உயரத்தில் 0.004 பங்கு என்ற வரம்பைத் தாண்டி நின்றது. அதே பில்லர்கள்தான் அதற்கு முந்தைய ரிப்போர்ட்டில் குறைந்தபட்சக் கம்பியோடு நிம்மதியாகத் தேறியிருந்தன. அடுத்த வீட்டுக்காரன் சம்பளத்தைக் காட்டி வங்கியில் கடன் வாங்கியது போல, அந்த பிளாக் தனக்கில்லாத சுவரைக் காட்டித் தேர்ச்சி வாங்கியிருந்தது.

இரண்டு பிளாக்கும் அச்சு அசலாக ஒன்று போலவே இருந்தால் கெடுதல் குறைவு என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. ஒரே டயாஃப்ரமாகச் சேர்ந்துவிட்டால் எடை மையம் எங்கே விழுகிறது என்று பாருங்கள்: ஜாயின்ட்டுக்கு நடுவே, வெறும் காற்றில். அங்கே நிலநடுக்க விசையைக் கொடுத்து மென்பொருள் கணக்குப் போடுகிறது. விறைப்பு மையத்துக்கும் எடை மையத்துக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு பிளாக்குக்கும் தனியாக எவ்வளவு என்பதே வெளிவராது. ஒரு பிளாக்கில் படிக்கட்டு இடது கோடியில், மற்றதில் வலது கோடியில் என்று கண்ணாடி பிம்பமாக வைத்திருந்தால், சேர்ந்த மாடலில் முறுக்கம் ஒன்றையொன்று அடித்துப் பூஜ்யமாகிவிடும். நிஜத்தில் ஒவ்வொரு பிளாக்கும் தன் பாட்டுக்கு முறுக்கிக்கொள்ளும்.

சரி, டி1, டி2 என்று பிரித்தாயிற்று, ஆபத்து போய்விட்டதா? போகவில்லை. இன்னொரு பொறி இருக்கிறது, இதை அனுபவசாலிகளே தவறவிடுகிறார்கள். ஒரே ஃபைலில் உயரம் வேறுபட்ட இரண்டு பிளாக். ஒன்று பத்து மாடி, 30 மீட்டர். மற்றது நான்கு மாடி, 12 மீட்டர். தளம் ஒவ்வொன்றும் ஒரே எடை என்று வைத்துக்கொள்வோம், கணக்கு எளிதாக இருக்கும்.

ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பில், சுவர் நிரப்பாத கான்கிரீட் சட்டகத்துக்கு அலைவு நேரம் காண, உயரத்தை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 0.075-ஆல் பெருக்குகிறோம். பத்து மாடிக்கு 0.96 வினாடி வருகிறது, நான்கு மாடிக்கு 0.48 வினாடி. நடுத்தர மண்ணில் முதலாவதற்கான முடுக்கக் கெழு சுமார் 1.41, இரண்டாவதற்கு 2.5. அதாவது குட்டைக் கட்டடத்துக்குத்தான் எடைக்கேற்ற விசை அதிகம். ஆனால் மென்பொருளின் தானியங்கி நிலநடுக்கச் சுமையில் ஒரு திசைக்கு ஒரே ஒரு அலைவு நேரம்தான் கேட்கும். நீங்கள் 0.96 என்று கொடுத்தால் நான்கு மாடிக்கும் அதுவே போகும். மென்பொருளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். எந்த அலைவில் அதிக எடை பங்கேற்கிறதோ அதன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது பெரிய பிளாக்கினுடையதாகத்தான் இருக்கும்.

அதோடு முடியவில்லை. மொத்த விசையைத் தளங்களுக்குப் பங்கிடும்போது, எடையை உயரத்தின் வர்க்கத்தால் பெருக்கி அந்த விகிதத்தில் கொடுக்கிறோம். மாடி எண்களையே உயரமாக வைத்துப் பாருங்கள். ஒன்று முதல் பத்து வரை வர்க்கங்களின் கூட்டல் 385. ஒன்று முதல் நான்கு வரை 30. இரண்டையும் ஒரே கட்டடமாக மென்பொருள் பார்த்தால், மொத்தம் 415-இல் நான்கு மாடி பிளாக்குக்குக் கிடைப்பது வெறும் 30 பங்கு. பதினான்கு தளங்களுக்கு 1.41 வீதம் வரும் மொத்த விசையில் இந்தப் பங்கைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 1.43 வருகிறது. அந்த பிளாக்கைத் தனியாக வடிவமைத்திருந்தால் வந்திருக்க வேண்டியது, நான்கு தளத்துக்கு 2.5 வீதம் 10. பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரைகூட இல்லை. ஏழில் ஒரு பங்கு!

இந்த இடத்தில் ஒருமுறை நின்று யோசியுங்கள். டயாஃப்ரத்தைச் சரியாகப் பிரித்த மாடலில் நடக்கும் விபத்து இது. பெரிய பிளாக் கூடுதல் விசையை வாங்கிக்கொண்டு பத்திரமாக இருக்கும், குட்டை பிளாக் பட்டினி கிடக்கும். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் மொத்த விசையைப் பார்ப்பவருக்கு எந்தச் சந்தேகமும் வராது.

ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம் ஓட்டுகிறோமே, அது ஒவ்வொரு பிளாக்கின் சொந்த அலைவையும் எடுத்துக்கொள்ளுமே என்று கேட்கலாம். எடுத்துக்கொள்ளும். 2016 விதிப்படி, இரண்டாம் மண்டலத்தில் 15 மீட்டருக்குக் குறைவான சீரான கட்டடங்கள் நீங்கலாக, மற்ற எல்லாவற்றுக்கும் அது கட்டாயமும்கூட. சென்னை 2002-இல் மூன்றாம் மண்டலத்துக்கு வந்துவிட்டது, கோவையும் சேலமும் அதே மண்டலம்தான். ஆனால் அந்த விடையை நிலைவிசைக் கணக்கின் அடிவிசையோடு ஒப்பிட்டு உயர்த்த வேண்டும் அல்லவா? சேர்ந்த மாடலில் அந்த ஒப்பீடு மொத்தத்துக்கும் மொத்தத்துக்கும் நடக்கிறது. மேலே சொன்ன உதாரணத்திலேயே, சேர்த்துப் போட்டால் இலக்கு 19.8, தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால் 24.1. இலக்கே தாழ்ந்துவிட்டது. ஒரு பிளாக்கின் மிச்சம் மற்றதன் பற்றாக்குறையை மூடி மறைப்பது அதற்கு மேல்.

எடைப் பங்கேற்பு அட்டவணையும் குழப்பும். முதல் மூன்று அலைவுகளில் 65 சதவீதம் வர வேண்டும், மொத்தத்தில் 90 வர வேண்டும் என்று விதி கேட்கிறது. இரண்டு பிளாக்கும் ஒரே ஃபைலில் இருந்தால் ஒவ்வொரு அலைவும் பாதி எடையைத்தான் காட்டும். 65 வரவில்லையே என்று பதறி, நன்றாக இருக்கும் கட்டடத்தில் சுவர் சேர்ப்பவர்களும் உண்டு. தற்செயல் விலகலும் அப்படித்தான். தள அகலத்தில் 5 சதவீதம் என்பது 45 மீட்டர் பிளாக்குக்கு 2.25 மீட்டர், ஒட்டிப்போன 90 மீட்டர் மாடலில் 4.5 மீட்டர். சில இடங்களில் கூடுதல், சில இடங்களில் குறைவு, எங்கே எது என்று யாருக்கும் தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஈடேப்ஸின் பிந்தைய பதிப்புகளில் பல கோபுரங்களை ஒரே ஃபைலில் தனித்தனி மாடி அட்டவணையோடு வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. மாடிப் பெயர்ச்சியைக் கோபுர வாரியாகப் பார்க்க அது உதவும், பயன்படுத்துங்கள். ஆனாலும் என் பேச்சைக் கேட்டால், ஜாயின்ட் அஸ்திவாரம் வரை இறங்கும் கட்டடங்களுக்கு பிளாக்குக்கு ஒரு ஃபைல் என்பதே பத்திரம். சோம்பல் பட வேண்டாம், ஒரு பிளாக்கை அழித்து வேறு பெயரில் சேமிக்கச் சில நிமிடம்தான் ஆகும்.

தனி ஃபைல் போட்டாலும் தப்பிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜாயின்ட்டில் நிற்கும் இரட்டைப் பில்லருக்குக் கீழே பெரும்பாலும் ஒரே ஃபுட்டிங்தான், அல்லது ஒரே பைல் கேப்தான். பிளாக் ஒன்றின் ஃபைலிலிருந்து எதிர்விசையை எடுத்து ஃபுட்டிங் போட்டுவிட்டு, பிளாக் இரண்டின் பில்லர் அதே கான்கிரீட்டில் வந்து உட்காரப் போவதை மறந்தால் அவ்வளவுதான். இரண்டு ஃபைலின் விசைகளையும் சேர்க்க வேண்டும். நிலநடுக்கத்தில் இரண்டு பிளாக்கும் ஒரே திசையில் ஆடும் நிலையும், எதிர்த்திசையில் ஆடும் நிலையும் இரண்டையும் பார்க்க வேண்டும்.

அதைவிட மோசம், மேலே இரண்டு கோபுரம், கீழே பொதுவான பேஸ்மென்ட் அல்லது போடியம் என்று இருப்பது. ஜாயின்ட் போடியத்தின் மேல் தளத்தோடு நின்றுவிடும். இங்கே தனித்தனி ஃபைல் போட்டால் அதுவும் பொய்க் கணக்கு. கோபுரத்தின் விசை போடியம் ஸ்லாப் வழியாகச் சுற்றுச்சுவருக்குப் பாய்வதைத் தனி மாடல் காட்டாது. அப்போது சேர்ந்த மாடல்தான் வேண்டும். போடியம் வரை பொது டயாஃப்ரம், அதற்கு மேலே கோபுரத்துக்கு ஒன்று. அதோடு ஒவ்வொரு கோபுரத்தையும் தனியாக ஓட்டி, அடிவிசையை அதிலிருந்து சரிபார்க்க வேண்டும்.

டயாஃப்ரம் தவிர வேறு வழிகளிலும் பிளாக்குகள் ஒட்டிக்கொள்ளும். ஆட்டோகேடிலிருந்து கோடுகளை இறக்கும்போது ஒரு பீமின் முனை அடுத்த பிளாக்கின் பில்லரில் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஸ்லாப்பை ஒரே இழுப்பில் ஜாயின்ட்டுக்கு மேல் வரைந்துவிடுவார்கள். அருகருகே உள்ள முனைகளை ஒன்றாக்கும் அளவு, நீங்கள் விட்ட இடைவெளியைவிடப் பெரிதாக இருந்தால் மென்பொருளே ஒட்டிவைத்துவிடும்.

இன்னும் ஒரு புது மோஸ்தர் பரவி வருகிறது: இரண்டு பிளாக்குக்கும் நடுவே கேப் லிங்க் போட்டு, “மோதலையும் பார்த்துவிட்டோம்” என்று ரிப்போர்ட்டில் எழுதுவது. கேப் லிங்க் என்பது இடைவெளி மூடினால் மட்டும் தள்ள வேண்டிய உறுப்பு. நேர்கோட்டுப் பகுப்பாய்வில், ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரத்திலும்தான், அதற்கு மூடவும் தெரியாது, திறக்கவும் தெரியாது. அதற்கு நேர்கோட்டு விறைப்பு என்று ஒரு எண் கொடுத்திருந்தால், அது இழுக்கவும் தள்ளவும் செய்யும் சாதாரண ஸ்பிரிங்காக வேலை செய்து இரண்டு பிளாக்கையும் இணைத்துவிடும். எண் பூஜ்யமாக இருந்தால் லிங்க் இருந்தும் இல்லாததுதான். நேர்கோடல்லாத பகுப்பாய்வு ஓட்டினால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு.

இடைவெளி எவ்வளவு என்ற கேள்விக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பல டிராயிங்குகளில் “25 மி.மீ. எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்” என்று அச்சடித்தது போல எழுதியிருக்கும். வெப்பத்துக்கு அது போதும். கான்கிரீட் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீளும் என்று எடுத்தால், 45 மீட்டர் பிளாக் 30 டிகிரி ஏற்றத்தில் 13.5 மி.மீ. நீளும், இரு பக்கமும் பாதிப் பாதியாக. பக்கத்து பிளாக்கும் அதே அளவு தன் பாதியைக் கொண்டுவந்தால், ஜாயின்ட்டில் மூடுவது அந்த 13.5 மி.மீ.தான்.

ஆனால் நிலநடுக்கத்துக்கு? ஐ.எஸ். 1893 சொல்லும் கணக்கு வேறு. இரண்டு பிளாக்கின் மாடிப் பெயர்ச்சியையும் கூட்டி, ஆர் என்ற குறைப்புக் காரணியால் பெருக்க வேண்டும். தளங்கள் ஒரே மட்டத்தில் இருந்தால் ஆரில் பாதி போதும். வடிவமைப்பு விசையில் ஒவ்வொரு பிளாக்கும் மேல் தளத்தில் 15 மி.மீ. நகர்கிறது, ஆர் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மட்டமென்றால் 75 மி.மீ. தேவை, மட்டம் மாறினால் 150 மி.மீ. டிராயிங்கில் இருப்பதோ 25. மட்டம் மாறினால் ஏன் இரட்டிப்பு என்றால், ஒரு பிளாக்கின் ஸ்லாப் விளிம்பு அடுத்த பிளாக்குப் பில்லரின் நடு உயரத்தில் போய் இடிக்கும். ஸ்லாப்பும் ஸ்லாப்பும் மோதினால் விளிம்பு உடையும், பில்லரை நடுவில் இடித்தால் மாடியே இறங்கும்.

இந்த 15 மி.மீ. எந்த மாடலிலிருந்து வந்தது என்பதும் முக்கியம். ஒட்டிப்போன மாடலில் லிஃப்ட் சுவரைக் கடன் வாங்கிய பிளாக் குறைவாகத்தான் நகரும், இடைவெளியும் குறைவாகத்தான் வரும். பில்லருக்கு 70 சதவீதம், பீமுக்கு 35 சதவீதம் என்று விரிசல் விட்ட விறைப்பைக் கொடுக்காமல் முழு விறைப்போடு ஓட்டினாலும் அப்படியே. அனிமேஷனைப் பார்த்து, “ரெண்டும் சேர்ந்தேதான் சார் ஆடுது, மோதலையே” என்று திருப்தியடைய வேண்டாம். நிஜத்தில் இரண்டும் எதிரெதிராக வரும் கணம் ஒன்று உண்டு, கூட்டல் கணக்கு அதற்காகத்தான்.

வெப்பச் சுமை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விறைத்த டயாஃப்ரம் போட்ட மாடலில் வெப்பநிலைச் சுமை கொடுத்துவிட்டு, பில்லரில் ஒன்றும் வரவில்லை, எனவே ஜாயின்ட்டே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள் இருக்கிறார்கள். தளம் நீளவே கூடாது என்று கட்டளையிட்டுவிட்டு நீளுகிறதா என்று பார்த்தால் எப்படித் தெரியும்? வெப்பக் கணக்குக்கு ஸ்லாப் நீளக்கூடிய அரைவிறைப்பு மாடல் வேண்டும்.

மோதல் என்பது புத்தகத்தில் மட்டும் இருக்கும் பூச்சாண்டி என்று நினைப்பவர்களுக்கு: 1971 பிப்ரவரி 9, கலிபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கம். ஆலிவ் வியூ மருத்துவமனை, புத்தம் புதிய கட்டடம். அதன் படிக்கட்டுக் கோபுரங்கள் நான்கும் பிரதான கட்டடத்திலிருந்து பிரித்தே கட்டப்பட்டிருந்தன. கீழ்த்தளப் பில்லர்கள் நொறுங்கிப் பிரதான கட்டடம் பெரிய அளவில் நகர்ந்தது, கோபுரங்களை இடித்தது. நான்கில் மூன்று கோபுரங்கள் சாய்ந்து விழுந்தன. தப்பித்து இறங்க வேண்டிய படிக்கட்டுகளே போய்விட்டன.

1985 செப்டம்பர் 19, மெக்சிகோ நகரம். ட்லாடெலோல்கோ குடியிருப்பில் நுவோ லியோன் என்ற நீண்ட கட்டடம். ஜாயின்ட் விட்டுப் பிரித்த மூன்று பகுதிகள் ஒரே வரிசையில் நின்றன. இரண்டு பகுதிகள் விழுந்தன, ஒன்று நின்றது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதே நகரில் இடிந்த, கடுமையாகச் சேதமடைந்த 330 கட்டடங்களைப் பார்த்த ஆய்வில், 40 சதவீதத்தில் மோதிய தடயம் இருப்பதாகப் பதிவானது. மோதல்தான் இடிய வைத்தது என்பதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மோதல் நடந்தது என்பதில் சந்தேகமில்லை. 1989-இல் லோமா ப்ரியெட்டா நிலநடுக்கத்திலும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் மோதல் பதிவாயிற்று, மையத்திலிருந்து 90 கிலோமீட்டர் தள்ளியும்கூட. தூரம் காப்பாற்றும் என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு தைரியமாக இருக்க வேண்டாம்.

ஆகவே, இன்றைக்கே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு பிளாக்கில் மட்டும் பக்கவாட்டு விசை, வேறு சுமை கிடையாது. அடுத்த பிளாக்கின் மேல் தளப் பெயர்ச்சியையும் அதன் அடி எதிர்விசையையும் பாருங்கள். அஸ்திவாரம் வரை பிரிந்த கட்டடமென்றால் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சின்னதாக ஒரு எண் வந்தாலும் விடாதீர்கள், எங்கோ ஒரு பீமோ ஸ்லாப்போ தொட்டுக்கொண்டிருக்கிறது. எக்ஸ் திசைக்கும் ஒய் திசைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். அலைவு வடிவங்களை ஓடவிட்டுப் பார்ப்பதும் நல்லதுதான், ஒவ்வொரு அலைவிலும் ஒரு பிளாக் மட்டும் ஆட வேண்டும். ஆனால் இரண்டு பிளாக்கும் ஒரே மாதிரி இருந்தால் அலைவு நேரமும் ஒன்றாகிவிடும், மென்பொருள் இரண்டையும் கலந்து ஆட்டிக் காட்டும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தள்ளிப் பார்க்கும் சோதனை அங்கேயும் பொய் சொல்லாது.

மாடலைச் சரிசெய்து 75 மி.மீ. என்று எழுதினாலும், சைட்டில் அது 75 மி.மீ. காற்றாக வருகிறதா என்பது அடுத்த கவலை. ஜாயின்ட்டில் தெர்மோகோல் அட்டையை நிறுத்தி ஒரு பக்கம் கான்கிரீட் போடுகிறார்கள். வைப்ரேட்டர் பட்டு அட்டை நசுங்குகிறது, உடைகிறது, பால் ஒழுகி உள்ளே போய்க் கெட்டியாகிறது. சில இடங்களில் சென்ட்ரிங் பலகையையே எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் பூச்சு வேலைக்காரர் வந்து மேலே சிமென்ட் பூசிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. நீங்கள் கஷ்டப்பட்டுப் பிரித்த மாடலை மேஸ்திரி ஒட்டிவிட்டார். பூசுவதற்கு முன் ஒவ்வொரு தளத்திலும் நீளமான கம்பி ஒன்றை ஜாயின்ட்டுக்குள் விட்டு ஓட்டிப் பாருங்கள். தட்டுகிற இடத்தைக் குறித்து, அங்கேயே கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். பில் பாஸ் செய்வதற்கு முன் இது நடக்கட்டும்.

கட்டி முடித்த பழைய கட்டடங்களின் டிசைன் ஃபைல் உங்கள் அலுவலகக் கணினியில் இன்னும் இருக்கும். ஜாயின்ட் உள்ளவற்றைத் தேடி எடுங்கள். லிஃப்ட் சுவர் ஒரு பிளாக்கில் மட்டும் இருப்பவை, பிளாக்குகள் உயரத்தில் மாறுபடுபவை, இவற்றை முதலில் திறந்து அதே நூறு கிலோ நியூட்டனால் தள்ளிப் பாருங்கள். எதிர்விசை அடுத்த பிளாக்கில் வந்தால், பிரித்து மறுபடி ஓட்டி, எந்தப் பில்லர் தேறவில்லை என்று பட்டியல் எடுத்துக்கொண்டு கட்டட உரிமையாளரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஜாக்கெட்டிங் செய்யலாம், லிஃப்ட் இல்லாத பிளாக்கில் புதிதாகச் சுவர் சேர்க்கலாம், வழி இருக்கிறது. பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ இருந்தால் அதைப் பட்டியலின் தலையில் வையுங்கள்.